ஆயுள் முழுக்க ஒரே ஸ்போர்ட்ஸ் கார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தோம். படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் கட்டுரை முழுக்க ஏலத்தொகையையே சுற்றி வந்தது. வாங்கு, போர்த்தி வை, விலை ஏறியதும் விற்றுவிடு என்பதுதான் இந்தப் பிரியத்தின் சாரம் என்று புதிய வாசகர் எண்ணிவிடக்கூடும். இருபது வயதில் வாங்கிய வண்டியை எழுபது வயதிலும் ஓட்டுகிறவர்கள் பிரிட்டனில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் சாதாரணச் சம்பளக்காரர்கள். வண்டியோடு அவர்களுக்கு இருக்கும் பற்று கைவேலையால் வளர்ந்தது. அந்த வேலை என்ன, எதைச் செய்யாவிட்டால் வண்டி கைநழுவும் என்பதை எழுதவே இந்தக் கடிதம். நீளத்தைப் பொறுத்தருள வேண்டும்.

முதல் கேள்வி, எந்த வண்டி என்பது. 1961-இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான ஜாகுவார் இ-டைப்பை விரும்பாதவர் குறைவு. ஆனால் அதன் பின் டிஸ்க் பிரேக்குகள் சக்கரத்தருகே இல்லை. பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலை ஒட்டி நடுவில் ஒளிந்திருக்கின்றன. டிஸ்க்கை மாற்ற, பின்பகுதித் தொகுப்பையே இறக்குவதுதான் பெரும்பாலோர் எடுக்கும் வழி. இன்ஜினைத் தாங்கும் முன்சட்டத்தின் சதுரக் குழாய்கள் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளப்பாகவே இருக்கும். லோட்டஸ் எலானில் பின் அச்சுகளின் ரப்பர் இணைப்புகள் வெடிப்பு விட்டிருக்கின்றனவா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். மோர்கனின் தகட்டுக்குள் இருப்பது ஆஷ் மரச்சட்டம்; தச்சரையும் தேட வேண்டிவரும். இவை எல்லாமே போற்றத்தக்க வண்டிகள்தாம். என்றாலும் ஒரு சம்பளத்தில், ஒரு கொட்டகையில், சொந்தக் கையால் ஆயுள் முழுக்கக் காப்பாற்ற நினைப்பவருக்கு எங்கள் பரிந்துரை எம்ஜி நிறுவனத்தின் எம்ஜிபி அல்லது டிரையம்ஃப் நிறுவனத்தின் ஸ்பிட்ஃபயர்.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை அபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. 1798 சிசி, நான்கு சிலிண்டர்; சிலிண்டர்கள் உள்ள பிளாக்கும் அதை மேலே மூடும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. 1964-இன் பிற்பகுதியிலிருந்து பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங்குகள் மூன்றிலிருந்து ஐந்தாயின. தேர்வு செய்ய வாய்ப்பிருந்தால் ஐந்து பேரிங் இன்ஜினே மேல். பழைய அச்சுகளைக் கொண்டே இதன் முழு உடற்கூட்டை 1988 முதல் மறுபடி தயாரித்து விற்கத் தொடங்கினார்கள். இந்த வாய்ப்பு மிகச் சில பழைய வண்டிகளுக்கே கிட்டியது. ஸ்பிட்ஃபயரும் 1962-இல் பிறந்து 1980-இல் முடிந்ததுதான். அதன் முன்பக்கம் முழுவதும், சக்கரங்களை மூடும் விங்குகள் உட்பட, ஒரே மூடியாக முன்னோக்கிச் சாயும். சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு இன்ஜினில் வேலை செய்யலாம். இவ்வளவு தாராளமாக வேலைக்கு இடம் தருகிற கார் வேறு எங்களுக்குத் தெரிந்து இல்லை.

வாங்கப் போகிறவர் இன்ஜின் சத்தத்தில் மனத்தைப் பறிகொடுக்கக் கூடாது. இன்ஜின் பழுதுக்கு ஒரு எல்லை உண்டு. பிரித்து, சிலிண்டர்களைக் கடைந்து, பிஸ்டனும் பேரிங்கும் மாற்றினால் முடிந்தது. உடற்கூட்டுத் துருவுக்கு அப்படி எல்லை இல்லை. எம்ஜிபிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. கூரையில்லாத ரோட்ஸ்டரில் வண்டியின் பலம் பெரும்பாலும் கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில் எனப்படும் பெட்டிச் சட்டத்தில் இருக்கிறது. அது ஒரே தகடு அல்ல. வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவே ஒரு தடுப்புத் தகடு, அடியில் கேஸில் ரெயில் எனப்படும் மடிப்புத் தகடு என்று அடுக்கடுக்காகப் பற்றவைத்தது. பிரிட்டனில் குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் உப்பைத் தூவுகிறார்கள். அந்த உப்பு நீர் முன்சக்கரத்துக்குப் பின்னால் சேறாகத் தேங்கி, இந்தப் பெட்டிக்குள் இறங்கி, உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும். வெளியே ஒரு கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே கையளவு தகடு போயிருக்கிறது என்று கொள்ளலாம்.

சோதிப்பது கடினமல்ல. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைச் சில்லின் அடிப்பகுதியிலும், கதவுக்குப் பின்னால் தகடு வளைந்து இறங்கும் இடத்திலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அங்கே துருவை மறைக்கப் பூசிய பட்டிதான் இருக்கிறது. கதவின் பின்விளிம்பு இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே குறுகியும் கீழே அகன்றும் இருந்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிட்டது. உரிமையாளரின் அனுமதியோடு ஜாக்கி போடும் இடத்தில் தூக்கி, அந்நிலையில் கதவைத் திறந்து மூடுங்கள். கதவு இடித்தால் பேச்சை அத்தோடு நிறுத்திவிடலாம். சில்லின் அடிவிளிம்பில் தகடுகள் சேரும் தையல் தெளிவாகத் தெரிய வேண்டும். தையலே தெரியாமல் வழுவழுவென்று இருந்தால், அழுகிய தகட்டை வெட்டியெடுக்காமல் மேலே இன்னொரு தகட்டைப் போர்த்தியிருக்கிறார்கள். பின் ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டும் இடம், இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள பேட்டரிப் பெட்டிகள், முன் விங்குகளின் மேல்விளிம்பு ஆகியவற்றையும் தவறவிடக் கூடாது.

சில்லை மாற்றுவது வெல்டிங் தெரிந்த ஒருவர் கொட்டகையிலேயே செய்யக்கூடிய வேலைதான். ஆனால் வரிசை மாறினால் வண்டி வாழைப்பழம்போல் வளைந்துபோகும். முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் அதன் ஒயர்களையும் பிரியுங்கள். எம்ஜிபியின் பெட்ரோல் குழாய் வண்டியின் அடியிலேயே ஓடுகிறது. அதைக் காலி செய்து ஒதுக்காமல் பற்றவைப்பு வேண்டாம். வண்டியை மட்டமான தரையில், நாலு பக்கமும் ஒரே உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். தகட்டை வெட்டுவதற்கு முன்பே கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்துப் பற்றவைத்து, திறப்பின் அளவை மாறாமல் பிடித்துவைக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுதும் முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். புதிய வெளித்தகட்டைக் கிளாம்பில் பிடித்து, கதவையும் முன் விங்கையும் மாட்டி, இடைவெளி சரியென்று கண்ட பிறகே நிரந்தரமாகப் பற்றவையுங்கள். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களில், பற்றவைக்கத் தடையாகாத துத்தநாகப் பூச்சைப் பூச மறக்கக் கூடாது. அங்கே பின்னால் எந்தத் தூரிகையும் எட்டாது.

பெயின்ட் நன்றாகக் காய்ந்தபின் சில்லின் உள்ளே துருத்தடுப்பு மெழுகைத் தெளிக்க வேண்டும். மெழுகு டப்பாவை வெந்நீரில் வைத்து இளக்கி, நீண்ட குழாயை உள்ளே முழுவதும் செலுத்தி, மெல்ல வெளியே இழுத்தபடியே தெளியுங்கள். வடிதுளைகளில் மெழுகு சொட்டும்வரை தெளிப்பதை நிறுத்தக் கூடாது. சொட்டி முடிந்ததும் அந்தத் துளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். அடைபட்ட வடிதுளை, மெழுகே அடிக்காத சில்லைவிட மோசமானது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இதைச் செய்துவந்தால் அடுத்த தலைமுறைக்கும் அந்தச் சில் போதும்.

இனி, கட்டுரையாளர் போற்றிய போர்த்தி வைக்கும் பழக்கம். இந்த வண்டிகளைச் சாலை கொன்றதைவிடக் கொட்டகை கொன்றது அதிகம் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஓடாத வண்டியில் கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்கிறது. பிரேக் சிலிண்டரின் பிஸ்டன் துருவில் இறுகுகிறது. தண்ணீர்ப் பம்பின் சீல் காய்ந்து ஒழுகுகிறது. ஆயிலில் சேர்ந்த ஈரமும் அமிலமும் பேரிங்கைத் தின்கின்றன. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது நல்லது என்று பலர் நம்புகிறார்கள். அதனால் கெடுதியே மிகுதி. இன்ஜின் சூடாவதற்குள் அணைத்தால் எரிபொருள் எரிந்ததில் உண்டான நீராவி ஆயிலிலும் சைலன்ஸரிலும் தங்கிவிடும். ஸ்டார்ட் செய்தால் குறைந்தது அரைமணி நேரம் ஓட்டுங்கள். முடியாவிட்டால் ஸ்டார்ட்டே செய்யாதீர்கள்.

குளிர்காலம் முழுக்க நிறுத்தத்தான் வேண்டும் என்றால், நிறுத்துவதற்கு முன்பே ஆயிலை மாற்றுங்கள். பழைய ஆயிலோடு நிறுத்தி வசந்தத்தில் மாற்றுவது தலைகீழ் வழக்கம். எம்ஜிபிக்கு 20டபிள்யூ-50 ஆயில், ஃபில்டரோடு சேர்த்துச் சுமார் நாலேகால் லிட்டர். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். கிளட்ச் பெடலை ஒரு மரக்கட்டையால் அழுத்திய நிலையில் நிறுத்துங்கள். டயரில் காற்றைச் சற்றுக் கூட்டுங்கள். போர்வை காற்றுப் புகும் துணியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் போர்வை ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். கூலன்ட்டின் உறைதடுப்புத் திரவம் பழசானால் ஹெட்டின் நீர்வழிகளையும் ரேடியேட்டரையும் அரிக்கும். சாதாரணப் பச்சை, நீல வகைகளை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நலம்.

பெட்ரோலைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வரி இல்லை. பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை 2000-ஆம் ஆண்டு தொடங்கியபோதே நின்றுவிட்டது. வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வும் அது வந்து அமரும் இருக்கையும் மோதும் இடத்துக்கு அந்த ஈயம் ஒரு பாதுகாப்புப் படலமாக இருந்தது. அது இல்லாமல் வெகுநேரம் அதிக வேகத்தில் ஓட்டினால் இருக்கை தேய்ந்து, வால்வு ஹெட்டுக்குள் மெல்ல மெல்லப் புதையும். இதைக் கண்டுபிடிக்க ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் இடையிலுள்ள டேப்பட் இடைவெளியை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அளந்து குறித்து வையுங்கள். ஏதேனும் ஒரு எக்ஸாஸ்ட் வால்வில் இடைவெளி ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே வந்தால் இருக்கை தேய்கிறது என்று பொருள். அப்போது கடினப்படுத்திய இருக்கை வளையங்களைப் பொருத்தினால் போதும். நிதானமாக ஓட்டுகிறவரின் நல்ல ஹெட்டை முன்கூட்டியே கழற்றத் தேவையில்லை.

2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனின் சாதாரணப் பெட்ரோல் இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாயை எத்தனால் இளக்கி உள்ளிருந்து உரிக்கும்; உரிந்த துகள் கார்புரேட்டரின் ஊசி வால்வில் சிக்கி, பெட்ரோல் வழியும். சூடான எக்ஸாஸ்ட்டின் மேலேயே கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கும் வண்டியில் இதைச் சிறு கோளாறு என்று தள்ளிவிட முடியாது. தீ வைக்கும் கோளாறு. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். நெடுநாள் நின்றால் நீர் அடியில் பிரிந்து டாங்கை அரிக்கும். ஆகவே, 5 சதவீதத்துக்கு மேல் போகாத சூப்பர் வகையையே போடுங்கள். பெட்ரோல் செல்லும் எல்லா ரப்பர் குழாய்களையும் ஆர்9 என்று அச்சிட்ட எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றுங்கள். பத்து மீட்டர் குழாயைச் சேர்த்து வாங்கி அலமாரியில் வைத்துப் பழசாக்காமல், தேவைக்கு மட்டும் வாங்குவது நல்லது.

டியூனிங் என்றதும் பலர் முதலில் கார்புரேட்டரில் கைவைக்கிறார்கள். கார்புரேட்டர் கோளாறு என்று வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் குறை, தீப்பொறி தரும் இக்னிஷனில்தான் இருக்கும். வரிசை இது: முதலில் டேப்பட், பிறகு ஸ்பார்க் பிளக், பிறகு பாயின்ட் எனப்படும் இக்னிஷன் தொடுமுனைகள், பிறகு தீப்பொறி விழும் நேரமான டைமிங், எல்லாம் முடிந்தபின் கார்புரேட்டர். எம்ஜிபியில் டேப்பட் இடைவெளி இன்ஜின் குளிர்ந்த நிலையில் 0.38 மி.மீ. எட்டு வால்வுகளுக்கு ஒன்பது என்ற கணக்கை வைத்துக்கொண்டால் குழப்பம் வராது: 8-ஆம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 1-ஐச் சரிசெய்யுங்கள்; 6 திறந்தால் 3; 5 திறந்தால் 4. கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். பிளக் இடைவெளி 0.64 மி.மீ., பாயின்ட் இடைவெளி 0.38 மி.மீ. எரியும் வரிசை 1-3-4-2. தீப்பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பகிரும் ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும். இன்று விற்கும் ரோட்டர்களில் பித்தளைத் தகட்டைத் துளைத்து ஆணி அடித்த வகை சூடேறியதும் உள்ளேயே கசியவிட்டு, ஓடும் வண்டியை நடுவழியில் நிறுத்தும். ஆணி இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். பாயின்ட் கருகாமல் காக்கும் கண்டென்ஸரும் அப்படித்தான், வேலை செய்யும் பழையதை எறியாமல் டிக்கியில் வைத்திருங்கள். எலெக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்தியவர்களும் ஒரு செட் பாயின்ட்டைக் கூடவே வைத்திருக்க வேண்டும். அந்தப் பெட்டி கெட்டால் சாலையோரத்தில் அதைச் சரிசெய்ய முடியாது. பாயின்ட்டை மாற்றக் கால்மணி நேரம் போதும்.

இனி எஸ்யூ நிறுவனத்தின் கார்புரேட்டர். எளிமையில் இதற்கு இணை இல்லை: ஒரு ஊசி, ஒரு ஜெட், காற்றின் இழுப்புக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஒரு பிஸ்டன். எம்ஜிபியில் இரண்டு உண்டு. ஒன்றின் பிஸ்டனை மற்றதன் மூடியோடு மாற்றிவிடாதீர்கள். அவை ஜோடி பார்த்துச் செதுக்கியவை. மேல்மூடியைத் திறந்து, பிஸ்டனின் உட்குழலின் உச்சிக்கு மேல் 13 மி.மீ. வரை இன்ஜின் ஆயில் ஊற்றுங்கள். அது குறைந்தால் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வண்டி தயங்கும். முந்தைய எச்எஸ் வகையில் ஜெட்டை முழுதும் மேலே ஏற்றி, அங்கிருந்து அதன் நட்டை இரண்டு முழுச்சுற்று, அதாவது அந்த அறுமுக நட்டின் பன்னிரண்டு முகம், கீழே இறக்கினால் தொடக்க நிலை கிடைக்கும்.

இன்ஜினை நன்றாகச் சூடேற்றி, ஏர் ஃபில்டர்களைக் கழற்றி, இரண்டு கார்புரேட்டர்களையும் இணைக்கும் தண்டின் கிளாம்ப்பைத் தளர்த்துங்கள். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையை ஒவ்வொரு வாயிலும் வைத்து, இரண்டிலும் சீறல் ஒரே அளவாகக் கேட்கும்வரை ஐடில் திருகுகளைச் சரிசெய்யுங்கள். அதன்பிறகே பெட்ரோல்-காற்றுக் கலவை. பிஸ்டனைத் தூக்கும் சிறு ஊசியை மெதுவாக அழுத்தி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். இன்ஜின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். நட்டை ஒரு முகம் மேலே ஏற்றுங்கள். உடனே தடுமாறி விழுந்தால் பெட்ரோல் குறைவு. ஒரு முகம் கீழே இறக்குங்கள். ஒரு கணம் மிகச் சிறிதே கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. ஒரு தடவைக்கு ஒரு முகம் மட்டுமே. திருப்பியபின் இன்ஜினைச் சற்று உறுமவிட்டுப் பிறகு பாருங்கள். என்ன செய்தும் ஐடில் நிலைக்காவிட்டால், காற்றுவழியைத் திறந்து மூடும் பட்டாம்பூச்சித் தகட்டின் தண்டு தேய்ந்து பக்கவாட்டில் காற்றை இழுக்கிறது. அதற்குப் புது தண்டும் புஷ்ஷும் போட வேண்டும். நட்டைத் திருகிப் பயனில்லை.

இந்த வண்டிகளின் மின்சாதனங்களைச் செய்த லூகாஸ் நிறுவனத்தைப் பழிப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. அதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ஐம்பது ஆண்டு ஈரத்தில் கிடந்த எந்த இணைப்பும் கறுக்கத்தான் செய்யும். குண்டு வடிவ இணைப்பான்களையும், ஒயர் உடற்கூட்டில் திருகப்படும் எர்த் இடங்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, உலோகம் மின்னும்வரை உரசி, வாஸலின் தடவி மாட்டினாலே தொல்லை பெரும்பகுதி தீரும். ஒரு விளக்கைப் போட்டால் இன்னொன்று மங்குகிறதா? எர்த்தைப் பாருங்கள். ஒயர் நிறங்கள் ஒரு மொழி: பழுப்பு எப்போதும் மின்சாரம் உள்ளது, வெள்ளை சாவி போட்டால் வருவது, பச்சை அதுவே ஃபியூஸ் வழியாக வந்தது, ஊதா எப்போதும் உள்ளது, ஃபியூஸோடு, கறுப்பு எர்த். லூகாஸ் ஃபியூஸில் 35 ஆம்ப் என்று போட்டிருப்பது அது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்ப்தான். இதையறியாமல் தொடர் அளவு 35 உள்ள புதிய ஃபியூஸைப் போட்டால், ஃபியூஸுக்கு முன் ஒயர் எரியும்.

1967-இன் பிற்பகுதிக்கு முந்தைய எம்ஜிபிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை உடற்கூட்டில் எர்த் ஆகியிருக்கும். ரேடியோவோ எலெக்ட்ரானிக் இக்னிஷனோ மாட்டுமுன் அதைக் கட்டாயம் பாருங்கள். மாற்றிக் கொடுத்தால் பொருள் அக்கணமே போய்விடும்.

டிரையம்ஃப் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இது உயிர் சம்பந்தப்பட்டது. ஸ்பிட்ஃபயரின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனை மரையோடு ஒரு வெண்கலக் கட்டைக்குள் இறங்கும், டிரனியன் என்பார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை சுழலும். அதற்குக் கிரீஸ் அல்ல, இபி90 கியர் ஆயில்தான் போட வேண்டும். கிரீஸ் மரையின் அடிவரை போகாமல் இறுகி நிற்கும். உள்ளே நீர் புகுந்து எஃகு அரிக்கும். ஒரு நாள் வண்டி மெதுவாகத் திரும்பும்போது தண்டு முறிந்து சக்கரம் மடியும். வழியும்வரை ஆயிலை அழுத்தி ஏற்றுங்கள், ஆண்டுக்கு இருமுறையாவது. எம்ஜிபியின் முன் அச்சுக்கோ கிரீஸ்தான். பக்கத்துக்கு, கிரீஸ் ஏற்றும் மூன்று நிப்பிள்கள். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, பளுவை நீக்கிவிட்டு அடித்தால்தான் கிரீஸ் வேண்டிய இடத்துக்குப் போகும்.

கம்பிச் சக்கரம் அழகு. அழகுக்கு உரிய வேலையையும் கேட்கும். நடு நட்டை ஈயம் அல்லது செம்புச் சுத்தியலால் அடித்து இறுக்குங்கள். வண்டியின் இடப்பக்கம் வலமரை, வலப்பக்கம் இடமரை. யாராவது சக்கரம் மாட்டும் ஹப்புகளைப் பக்கம் மாற்றிப் பொருத்தியிருந்தால் ஓட ஓட நட்டு தானே கழன்றுவிடும். ரிவர்ஸ் போட்டு நகர்த்தும்போது சக்கரத்தில் டக்கென்று சத்தம் வந்தால், ஹப்பைப் பற்றும் உள்பற்கள் தேய்ந்துவிட்டன. ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, தூக்கிய சக்கரத்தை இன்னொருவர் கையால் முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். தேய்ந்த ஹப்பில் புதுச் சக்கரத்தை மாட்டினால் அதுவும் சீக்கிரம் தேயும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ரப்பர் ஹோஸ்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி ஒருவழிக் கதவுபோல் ஆகிவிடும். மிதித்தால் பிடிக்கும், விட்டால் விடாது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சூடேறினால் முதலில் ஹோஸைச் சந்தேகியுங்கள். டயரில் பூ, அதாவது தரையைப் பற்றும் வெட்டுக்கோடுகள், எவ்வளவு மிச்சம் என்பதைவிட வயது முக்கியம். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. பத்து வயதைத் தாண்டியதை, பூ புதிதாக இருந்தாலும், கழற்றி எறியுங்கள்.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். பிரிட்டனில் 40 ஆண்டு கடந்த வண்டிக்கு, விண்ணப்பித்துப் பெற்றால், சாலை வரி இல்லை. 2018 மே 20 முதல், பெரிய மாற்றங்கள் செய்யாத அத்தகைய வண்டிகளுக்கு ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி சோதனையும் கட்டாயமில்லை. இந்தச் சலுகையைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது என்று எங்கள் வாசக நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம். வண்டி ஓட்டத்தகுந்த நிலையில் இருக்க வேண்டிய சட்டப் பொறுப்பு உரிமையாளரிடமே இருக்கிறது. வீட்டுத் தரையில் படுத்துப் பார்க்கும் கண்ணுக்குத் தப்பிய பிரேக் குழாய்த் துருவும் ஸ்டியரிங் இணைப்பின் தளர்வும் லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்கும் வேற்றுக் கண்ணுக்குத் தப்பாது. தெரிந்த வண்டியில்தான் நாம் குறைகளைப் பார்க்கத் தவறுகிறோம். அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிய ஆட்டம் பழகிப்போய்விடும். இன்ஷூரன்ஸை, மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் வகையில் எடுங்கள். இல்லையேல் விபத்துக்குப் பின் பழைய காரின் சந்தை விலை என்ற பெயரில் பேரம் தொடங்கும்.

வண்டியோடு உரிமையாளருக்கும் வயதாகிறது. முழங்கால் வலிப்பவருக்குத் தரையோடு தாழ்ந்த இருக்கை சோதனைதான். எம்ஜிபிக்கு மின்சாரப் பவர் ஸ்டியரிங் தொகுப்புகள் கிடைக்கின்றன, பழைய பாகங்களை வெட்டாமல் பொருத்தலாம், வேண்டாதபோது கழற்றலாம். அசல் அல்ல என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பத்து ஆண்டு கூடுதலாக ஓட்டக் கிடைத்தால் அந்தச் சுளிப்பைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. சுத்தியலைத் தூக்கவும் கிரீஸ் அடிக்கவும் தெம்பு இருக்கும்போதே வீட்டிலோ நட்பிலோ ஓர் இளையவரை அருகில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். ஒன்பது கணக்கை வாயால் சொல்லித் தருவதைவிட, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜைக் கையில் கொடுத்து, தகடு எவ்வளவு இறுக்கமாக வழுக்க வேண்டும் என்று உணரச் செய்வதே பாடம்.

அவர்களுக்காக ஒரு கோப்பும் வேண்டும். சில்லை மூடுவதற்கு முன் உள்ளே எடுத்த படங்கள், எந்த ஊசி எண் கார்புரேட்டரில் இருக்கிறது, கடைசியாக அளந்த எட்டு டேப்பட் இடைவெளிகள், ஒயரில் நிறம் மாற்றி ஒட்டிய இடங்கள், ஹப்புகள் மாறிய ஆண்டு, டயர் எண்கள், மெழுகு அடித்த தேதி ஆகியவற்றைத் தேதிவாரியாகக் குறியுங்கள். கேடனிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் தொழிற்சாலைப் பதிவேட்டின்படி சான்றிதழ் தருகிறார்கள். எம்ஜிபி எந்தத் தேதியில், எந்த நிறத்தில் வெளிவந்தது என்பது அதில் இருக்கும். வண்டி யாருக்கு என்பதை உயிலில் தனியாகக் குறிப்பிடுங்கள். வி5சி எனப்படும் பதிவுப் புத்தகம் வண்டியைப் பதிவுசெய்து வைத்திருப்பவரை மட்டுமே காட்டும். அது உரிமைச் சான்று அல்ல. ஆகவே, வண்டி வாங்கியபோது தந்த ரசீதையும் அதே கோப்பில் வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பராமரிக்கும் வாசகர்கள்